முதல் ஐந்து நிமிடம்

வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டை ஒருவர் திருப்பிக் கொடுக்கும்போதே அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும். சிலர் கடைசிவரை பார்த்துவிட்டுச் சுற்றாமல் அப்படியே கொண்டுவந்து போடுவார்கள். சிலர் ஒழுங்காகப் பின்னால் சுற்றி, உறையில் செருகித் தருவார்கள். தோட்டத்துப் பெண்கள் சிலரின் கேசட் ஏதாவது ஓர் அழுகைக் காட்சியில் நின்றிருக்கும். இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். அவள் கொண்டுவரும் கேசட்டுகள் மட்டும் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். தொடக்கத்திலிருந்து ஐந்து நிமிடம். அதற்கு மேல் நாடா நகர்ந்ததே இல்லை.

மலேசியாவில், பெம்பான் கடைத்தெருவில் சீனர் மளிகைக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது எங்கள் கடை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் என் கணவரும் சேர்ந்து போட்டது. அவர் மலாக்காவில் ஃபேக்டரி வேலைக்குப் போவார். கடையை நான் பார்த்துக்கொள்வேன். படக் கேசட்டுகள் எல்லாக் கடையிலும் கிடைத்தன. எங்களிடம் மட்டும் ஊர் டிவி கிடைத்தது. தமிழ்நாட்டில் முதல்நாள் மாலை ஒளிபரப்பான தொடர் மறுநாள் மதியம் எங்கள் கடை அலமாரியில் இருக்கும். என் மாமியார் வீட்டுக்குப் பின்னால், வாழைமரங்களுக்கு நடுவில், நாற்றங்கால் வலையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரிய டிஷ் வானத்தைப் பார்த்து நின்றது. அனுமதியில்லாமல் அப்படியொன்றை வைத்திருப்பது அப்போது குற்றம். அதனால் நாங்களும் பயந்தவர்கள்தான். ரோட்டில் அரசாங்க வேன் ஒன்று மெதுவாகப் போனால் ஊர்க் கேசட்டுகளை மேசைக்கடியில் தள்ளுவேன். ஆனால் அவளைப் பார்த்த பிறகுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

அவள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு ஒப்பந்தத்தில் தவில் வாசிக்க வந்தவரின் மனைவி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். அக்கா என்று கூப்பிடுவாள். ஒரு பெயர் சொல்லியிருந்தாள். அது அவளுடைய சொந்தப் பெயர்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால் எழுதவில்லை.

சொந்த ஊர் எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வாள். என்னிடம் சேலம் என்றாள். கோயில் தலைவர் வீட்டம்மாவிடம் தஞ்சாவூர். சைக்கிள் கடைக்காரரிடம் கோயம்புத்தூர். நாங்கள் மூன்று பேரும் ஒரு நாள் பேசிக்கொண்டபோதுதான் அது தெரிந்தது. "ஒரு ஆளுக்கு எத்தன ஊருலா?" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சைக்கிள் கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்வாள். ஏறுகிற எல்லோருடைய முகத்தையும் அங்கிருந்து பார்த்துவிடலாம். கடைக்குள் வந்தால் ரோட்டுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டாள். என் மகனுக்கு மூன்றாம் பிறந்தநாள் வைத்தபோது, என் கணவரின் தம்பி கேமராவை எடுத்ததும் அவளைக் காணோம். தேடிப் போனால் அடுப்படியில் நின்று, ஏற்கெனவே கழுவி வைத்த தட்டுகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, ஒரு படந்தானே."

"நான் நின்னா படம் நல்லா வராதுக்கா," என்றாள். அடுத்த தட்டை எடுத்தாள்.

கேசட் விஷயத்தை நான் கேட்டது அதற்கப்புறம்தான். ஒரு நாள் கடையில் யாரும் இல்லை.

"ஏன் தங்கச்சி, நாடகம் ஒனக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கும்கா."

"பின்ன ஏன் அஞ்சு நிமிசத்தோட நிப்பாட்டிடுற?"

அவள் ரோட்டை ஒருமுறை பார்த்தாள். நாடாவைப் பார்த்து ஒருத்தி கண்டுபிடிப்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அப்புறம் மெல்லச் சொன்னாள். "நாடகத்துக்கு முன்னால ஒண்ணு போடுவாங்கள்ல. காணாமப் போனவங்க."

போடுவார்கள். தொடர் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால், என் கணவர் பதிவுக் கருவியைக் கொஞ்சம் முன்னதாகவே ஓடவிடுவார். அதில் அந்த அறிவிப்பும் சேர்ந்து வந்துவிடும். ஒரு புகைப்படம். பெயர், வயது, நிறம், உயரம், கடைசியாக உடுத்தியிருந்த உடை. விவரம் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ள வேண்டிய இடம். அப்புறம் அடுத்த புகைப்படம். எங்கள் வாடிக்கைக்காரர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. விரல் வைத்து ஓட்டிவிடுவார்கள்.

"யாரத் தேடுற?" என்றேன்.

"என்னையத்தான்கா."

அன்றைக்குக் கொஞ்சம் சொன்னாள். மற்றதெல்லாம் பின்னால் பல நாள்களில் துண்டுதுண்டாக வந்தது. திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊர். சொந்தமாக லாரிகள் ஓடுகிற வீடு. கோயில் திருவிழாவுக்கு வாசிக்க வந்தவர் வேறு சாதி. அவள் வீட்டைவிட்டு வந்து, மதராஸில் பதிவுத் திருமணம் செய்து, அவருக்கு இங்கே வேலை கிடைத்ததும் கூடவே கப்பல் கணக்கில் வராத சாமான் மாதிரி வந்து சேர்ந்தாள். "கப்பல் கணக்கில் வராத சாமான்" என்பது அவளே சொன்ன வார்த்தை. இரண்டு அண்ணன்கள்.

"ரெண்டு பேருல யாருக்கு ரொம்பக் கோவம்?" என்று கேட்டேன்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "பெரியவன் வெட்டுவான். சின்னவன் அழுதுக்கிட்டே வெட்டுவான்."

நான் இதை என் கணவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "மானம் போச்சுன்னு நெனைக்கிறவன் தங்கச்சி ஓடிட்டான்னு டிவியில போட்டு ஊருக்கெல்லாம் சொல்வானா? சும்மா பயப்படுதுலா அந்தப் பொண்ணு." எனக்கும் அது சரியாகப் பட்டது. மறுநாள் அவளிடம் அப்படியே சொன்னேன்.

"ஓடிட்டான்னு போட மாட்டாங்கக்கா," என்றாள். "படத்தப் போட்டு, சற்று மனநிலை பாதிக்கப்பட்டவர்னு போடுவாங்க. அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் யாரு நம்புவா? இங்க இருக்கவுகளே நல்லது பண்றோம்னு நெனச்சு என்னையப் பிடிச்சுக் குடுத்துருவாங்க."

எங்கள் கேசட்டுகள் பெம்பானில் மட்டும் சுற்றவில்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போயின. தஞ்சோங் கிளிங்கில் ஒரு கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து மொத்தமாக வாங்கிப் போவார். அத்தனை வீடுகளிலும் அவள் முகம் ஒரு நிமிடம் வந்து நின்றால் போதும்.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் காலையில் நான் கடை திறந்ததும், பிரதி எடுப்பதற்கு முன்னால், மூலக் கேசட்டை அவள் பார்த்துவிடுவாள். கடைக்குப் பின்னறையில் மூன்று பதிவுக் கருவிகளுக்கும் ஒரு சின்ன டிவிக்கும் நடுவே, கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியில் உட்காருவாள். ஒவ்வொரு படம் வரும்போதும் மூச்சை நிறுத்திக்கொள்வாள். அது வேறு யாரோ என்று தெரிந்ததும் விடுவாள். யாரோ ஒருவர் பிள்ளை, யாரோ ஒருவர் தகப்பன், பள்ளிக்கூடம் போய்த் திரும்பாத சிறுமி. அவர்களுக்காக ஒருநாளும் அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வருத்தப்பட அவளிடம் இடமில்லை. தொடரின் பாட்டு தொடங்கியதும் எழுந்து வெளியே வந்து, "இன்னைக்குச் சாப்பிடலாம்கா," என்பாள். அது விளையாட்டுப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்தது, காலையில் அதைப் பார்த்து முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்று.

பயம் தொத்திக்கொள்ளும். ஆறே மாதத்தில் எனக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் மதியம் வெளியூர்க் கார் ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட நான்கு பேர் இறங்கினார்கள். அவள் உள்ளே கேசட் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கையை மட்டும் பின்னால் நீட்டி அசைத்தேன். பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அந்த நான்கு பேரும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டார்கள். "லுருஸ் போங்க, சமிக்ஞை விளக்குல கிரி," என்று நேராகப் போய் இடதுபக்கம் திரும்பச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் போய்ப் பத்து நிமிடம் கழித்துப் பின்பக்கம் போனால், சாக்கடையைத் தாண்டி லாலாங் புல்லுக்குள் படுத்திருந்தாள். சேலையெல்லாம் சேறு. இழுத்து எழுப்பினேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நிற்கவே இல்லை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

திருவிழாவில் அவள் கணவர் வாசித்தால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். அப்போது அவள் கோயிலுக்குப் பின்னால், அன்னதானம் சமைக்கிற கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். முன்னால் யார் யாரோ வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா? "இந்த வாசிப்பக் கேட்டுத்தான்கா வந்தேன்," என்று ஒருமுறை சொன்னாள். "வந்ததுலேர்ந்து முன்னால நின்னு ஒரு தடவகூடக் கேக்கல."

இப்படியே ஒன்றரை வருடத்துக்குமேல் போயிற்று.

அது மழைக்காலம். ஒரு காலையில் அவள் வழக்கம்போலப் பின்னறைக்குள் போனாள். நான் முன்னால் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பு ஓடி முடிந்தது. தொடரின் பாட்டும் தொடங்கி முடிந்தது. அவள் வெளியே வரவில்லை. கதை மாந்தர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு நாடகம் பாக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன்.

டிவிக்கு முன்னால் மண்டியிட்டு, திரைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"திருப்புங்கக்கா," என்றாள். "ஒரு தடவ திருப்புங்க."

திருப்பினேன். ஒரு சிறுவன், ஒரு கிழவர், மூன்றாவதாக ஓர் அம்மாள். ஏதோ குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுத்த முகம். ஒடுங்கிய கன்னம், நேராகப் பார்க்கிற கண்கள். வயது ஐம்பத்து நான்கு என்றது குரல். மாநிறம். காணாமல் போன அன்று பச்சை நிறச் சேலை உடுத்தியிருந்தார். சற்று மனநிலை பாதிக்கப்பட்டவர். கீழே மகனின் பெயரும் லாரி அலுவலகத் தொலைபேசி எண்ணும் வந்தன. படத்தின் ஓரத்தில், வெட்டியது போக மிச்சமாக, பக்கத்தில் நின்றவரின் தோள் மட்டும் தெரிந்தது. மஞ்சள் தாவணி.

"அம்மா," என்றாள். பிறகு அந்தத் தோளைத் தொட்டு, "இது நான்," என்றாள்.

நான் முன்கதவை இழுத்துச் சாத்தினேன். அவளைச் சோடாப் பெட்டியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அவள் வீட்டிலிருந்து ஓடி வரவில்லை. அவளுடைய அம்மாதான் அனுப்பி வைத்தார். அண்ணன்களுக்கு விஷயம் தெரிந்து, அவளை என்ன செய்வது என்று பக்கத்து அறையில் பேசிக்கொண்டதை அம்மா கேட்டிருக்கிறார். மறுநாள் நேர்த்திக்கடன் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி, கொடைரோடு ரயில் நிலையத்தில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, வண்டி வரும்வரை கூடவே இருந்து ஏற்றிவிட்டார். திரும்பிப் போய், கூட்டத்தில் பெண்ணைத் தொலைத்துவிட்டேன் என்று மகன்களிடம் அழப்போவதாகப் போகிற வழியிலேயே சொல்லியிருந்தார்.

"வண்டி கெளம்புறப்ப, இனிமே இங்க வராதன்னு மட்டும் சொல்லுச்சுக்கா. வேற ஒண்ணும் சொல்லல."

"இப்ப அம்மா எங்க போயிருப்பாங்க?"

"அங்கதான்க்கா இருக்கும். அந்த பெஞ்சுல." சந்தேகமே இல்லாமல் சொன்னாள். "ரெண்டு வருசமா அந்தப் பொய்ய வச்சுக்கிட்டு அந்த வீட்டுல இருக்குல்ல. புத்தி பெரண்டிருந்தாலும் சரி, பெரளலைன்னாலும் சரி, கெளம்பினா அங்கதான் போகும்."

"அப்ப சொல்லிடலாமே. நம்பர் இருக்கே."

அவள் என்னைப் பார்த்தாள். "எப்படிக்கா சொல்றது? அந்த பெஞ்சு எனக்கும் அம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும். நான் சொன்னேன்னு தெரிஞ்சா, அம்மாதான் அனுப்பிச்சதுன்னும் தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் அம்மாவ என்ன பண்ணுவாங்க?"

சொல்லாவிட்டால் ஐம்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி மழையிலும் வெயிலிலும் ரயில் நிலையத்தில் கிடப்பாள். சொன்னால் மகன்கள் கையில் போய்ச் சேருவாள். அன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் கடையைத் திறக்கவில்லை. அவள் கணவர் வந்தார். அமைதியான மனிதர், கைவிரல்களில், தவில் வாசிக்க மாட்டிக்கொள்ளும் கூடுகளின் தழும்புகள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் போறேன், நான் போய் அத்தையப் பாத்துட்டு வர்றேன்," என்றார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கடைசியில் பொய்யை நான்தான் யோசித்தேன். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பினார், டிவியில் படத்தைப் பார்த்ததும் கொடைரோடு நிலையத்தில் பார்த்த அம்மா என்று அடையாளம் சொன்னார். இது போதும் என்று நினைத்தேன். அவளும் தலையாட்டினாள்.

கடைப் போனில் எண்ணைச் சுழற்றினேன். அவள் ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டிவைத்துக்கொண்டாள். நான்கைந்து முறை முயன்ற பிறகு ஓர் ஆண் குரல் எடுத்தது. நான் ஒப்பித்தேன்.

"கொடைரோடா?" என்றது குரல். "நல்லாப் பாத்தாகளா? பச்சைச் சேலையா?"

"பச்சைச் சேலைதான்னு சொன்னாருங்க. கடைசி பெஞ்சுல."

"நீங்க எங்கிட்டு இருந்து பேசுறீங்க?"

"மலேசியாங்க."

அப்புறம் அந்த மனிதர் அழத் தொடங்கினார். குலுங்கிக் குலுங்கி, ஒரு சின்னப் பிள்ளை மாதிரி. நீங்க தெய்வம் மாதிரி, எங்கம்மாவக் காட்டிக் குடுத்தீங்க என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: சின்னவன்.

"உங்க நம்பரக் குடுங்க. அம்மா கெடச்சதும் சொல்றேன்."

கொடுக்காமல் எப்படி இருப்பது? உதவி செய்யக் கூப்பிட்டவள் எண்ணைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும் என்று நினைக்க மாட்டாரா? அதோடு, அந்த அம்மாள் கிடைத்தாரா இல்லையா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. நான் மட்டும்தான் கடையில் இருந்தேன்.

"கெடச்சுட்டாங்க," என்றார் அவர். "நீங்க சொன்ன அதே பெஞ்சு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். ரொம்ப நன்றிங்க."

"நல்லதுங்க. அம்மாவப் பாத்துக்குங்க."

"ஒண்ணு கேக்கணும்." இப்போது குரலில் அழுகை இல்லை. "உங்க சொந்தக்காரரு எப்ப அங்கிட்டு வந்தாரு?"

"போன வாரம் வந்தாருங்க."

"அங்க டீ விக்கிறவர் சொல்றாரு, அம்மா அந்த பெஞ்சுக்கு வந்து நாலு நாளுதான் ஆச்சாம். அதுக்கு முன்னால வேற எங்கயோ சுத்திருக்காங்க. போன வாரமே மலேசியா வந்துட்டவரு எப்படிங்க பாத்திருப்பாரு?"

நான் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினேன். "நாள் சரியாத் தெரியலங்க. கேட்டுச் சொல்றேன்லா," என்றேன்.

"கேளுங்க. அவசரமில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க ஊர்க் கோயில்ல தவில் வாசிக்க இங்கேர்ந்து யாரும் வந்திருக்காகளா?"

"இல்லைங்க," என்றேன். "இங்க மேளம்லாம் கேசட்டுலதான் போடுவாங்க."

"அப்படியா," என்றார். மறுபடியும், "அப்படியா," என்றார். வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் கணவர் என்மேல் கோபப்பட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை. "கடை நம்பர ஏன்லா குடுத்த? நம்ம வீட்டுல டிஷ் இருக்கு, புள்ள இருக்கு. எவனோ ஒருத்தன் அரிவாளத் தூக்கிட்டு வந்தா நீ என்னா செய்வ?" நான் எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். பின்னறைக்குப் போகவில்லை. வாசலில், ரோட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றாள். அப்படி நின்று நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அம்மா கிடைத்ததை நான் முன்தினமே சொல்லியிருந்தேன். மற்றதையும் சொல்லியிருந்தேன்.

"அவரு கோயில்ல சொல்லிட்டாருக்கா. இன்னைக்கே கெளம்புறோம்."

"எங்க போறீங்க?"

"கேக்காதீங்க. தெரியலைன்னா நீங்க பொய் சொல்ல வேண்டியதில்லல்ல."

என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் கன்னம் சுட்டது. "எங்கம்மா வீட்டுக்குள்ள இருக்கு. நெனைய வேண்டியதில்ல. அது போதும்க்கா," என்றாள். ஒரு பெட்டி, தவில், ஒரு பை. கோலா சுங்கை பாரு பக்கம் மீன் ஏற்றிப் போகிற லாரிக்காரர் ஒருவர் அவர்களை ஏற்றிக்கொண்டார். அங்கேயே இறங்கினார்களா, அதற்கப்பாலும் போனார்களா என்று எனக்குத் தெரியாது. லாரிக்காரரிடம் நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருமுறை போன் வரும். எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். வெளிநாட்டு அழைப்பின் இரைச்சல் மட்டும், தூரத்துக் கடல் மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து அறுந்துவிடும். சின்னவரா பெரியவரா தெரியாது. ஒருவேளை வெறும் தவறான எண்ணாகவும் இருக்கலாம். போன் மணி அடித்தாலே என் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து கடைக்குள் நுழைந்தால், அவர்களுடைய கைகளைத்தான் முதலில் பார்ப்பேன். யாரும் வரவில்லை. ஆனால் இன்றைக்கு வரவில்லை என்பதால் நாளைக்கு வர மாட்டார்கள் என்று ஆகிவிடாது. அந்தக் கணக்கோடு அவள் எப்படி இத்தனை நாள் வாழ்ந்தாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம். என் கணவர் பின்னறையில் பதிவுக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன். அதே இரைச்சல். வைத்துவிடலாம் என்று நினைத்தபோது ஒரு பெண் குரல் கேட்டது.

"மலேசியாவா?"

"ஆமாங்க. யாரு?"

"மகன் டைரியில இந்த நம்பர் இருந்துச்சு. பூத்துல இருந்து பேசுறேன். ரொம்ப நேரம் பேச முடியாது." மூச்சு வாங்கியது. வயதான குரல், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இருந்தது. "அந்த பெஞ்ச யாரு தாயி உனக்குச் சொன்னது?"

நான் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"எம் மக அங்க இருக்காளா? நல்லாருக்காளா?"

அந்த அம்மாளுக்குப் பின்னால் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. அதோடு ஓர் ஆண் இருமுகிற சத்தமும். அது பூத்துக்காரரா, ரோட்டில் போகிறவரா, பக்கத்திலேயே காதை ஒட்டி நிற்கிற மகனா? எனக்குத் தெரியாது. நல்லா இருக்கா என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட வாயெடுத்தேன். அந்த இரண்டு வார்த்தைக்காக அவர் யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டு வந்து நிற்கிறார். அல்லது அதற்காகவே அவரைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

"நீங்க சொல்ற மாதிரி இங்க யாரும் இல்லம்மா," என்றேன். "எனக்கு யாரையும் தெரியாது."

வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் குரல், முன்னைவிடத் தாழ்ந்து, போனுக்கு மிக அருகில் வந்தது.

"அப்படியே சொல்லு தாயி. எம் மகன் கேட்டாலும் அப்படியே சொல்லு. நானே மறுபடி வந்து அழுது கேட்டாலும் அப்படியே சொல்லு."

போன் அறுந்துவிட்டது. ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். இதை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமோ, அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

"யாரு போன்ல?" என்று பின்னறையிலிருந்து என் கணவர் கேட்டார்.

"தெரியலைங்க," என்றேன். "ராங் நம்பர்."